65 இன்ச் ஓஎல்இடி: சி5, எஸ்90எஃப், பிராவியா 8... முற்றம் வைத்த வீட்டுக்கு எது?

#1 அரசலாற்றான்

எல்லாருக்கும் வணக்கம். குறுவை அறுப்பு முடிஞ்சு நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டாச்சு (ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டுது, காய வெச்சு எடுத்துட்டு வான்னு ஒரு தடவை திருப்பி அனுப்பின கதை தனி). பணம் ஏறினதும் தீபாவளிக்குள்ள டிவி மாத்தணும். இப்ப இருக்கிறது பழைய 43 இன்ச் எல்இடி.

பட்ஜெட் ரெண்டு லட்சத்தை ஒட்டி. மூணு மாடல் மனசுல இருக்கு: எல்ஜி சி5, சாம்சங் எஸ்90எஃப், சோனி பிராவியா 8. மூணுமே 65 இன்ச்.

வீடு கும்பகோணம் பக்கம், தாத்தா காலத்து ஓட்டு வீடு. கூடத்துக்கு நடுவுல முற்றம். டிவி மாட்டப் போற சுவர் முற்றத்துக்கு நேர் எதிர்ல. எதிர்ல ஊஞ்சல், சுவர்லேர்ந்து சுமார் 10 அடி. பகல் முழுக்க அப்பா நியூஸ், அம்மா சீரியல், எல்லாம் கேபிள் பாக்ஸ்ல. ராத்திரி நானும் தம்பியும் படம், கிரிக்கெட், அவனோட பிஎஸ்5. எது வாங்கலாம்?

#2 மாயவரத்தான்

சோனி. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. வாங்கினப்புறம் கண்ணைத் தொறங்க.

#3 மன்னை மைனர்

சாம்சங் எஸ்90 வரிசைதான் வெச்சிருக்கேன், போன வருஷ மாடல். கியூடி-ஓஎல்இடி கலரைப் பாத்தவன் வேற எதையும் பாக்க மாட்டான். நாலு எச்டிஎம்ஐ போர்ட்டும் 2.1 (வேகமான கேமைத் தாங்குற வகை), உங்க தம்பிக்குக் கொண்டாட்டம். சோனியில நாலுல ரெண்டுதான் 2.1. அதுலயும் ஒண்ணு இ-ஆர்க் போர்ட், சவுண்ட்பார் போட்டா அது போச்சு. இவ்வளவு காசு வாங்கிட்டு இன்னமும் அப்படிப் பண்றது அநியாயம்.

#4 குடமுருட்டி

அரசலாற்றான் தம்பி, பிராண்டை விட்டுவிட்டு முதலில் பேனலைப் பாருங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பெரிய டிவி ஓஎல்இடி பேனல் இரண்டு ஜாதி. எல்ஜி டிஸ்ப்ளே செய்வது டபிள்யூ-ஓஎல்இடி. வெள்ளை ஒளி, அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள், கூடவே வடிகட்டி இல்லாத ஒரு வெள்ளைத் துணைப்புள்ளி. ஆக ஒரு புள்ளிக்கு நான்கு. சாம்சங் டிஸ்ப்ளே செய்வது கியூடி-ஓஎல்இடி. அடியில் நீல ஒளி, மேலே குவாண்டம் டாட் படலம் அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும். வெள்ளைத் துணைப்புள்ளி கிடையாது, அதனால் வெளிச்சமான காட்சியிலும் நிறம் வெளுக்காது. மைனர் சொல்லும் கலர் இதுதான், உண்மைதான். இந்தப் பேனல் 2022இல் சாம்சங் எஸ்95பி, சோனி ஏ95கே இரண்டிலும் சந்தைக்கு வந்தது.

ஆனால் கியூடி பேனலின் முகப்பில் போலரைசர் (வெளி ஒளி திரும்பி வருவதை அடக்கும் படலம்) இல்லை. அறையில் வெளிச்சம் அதிகமாக இருந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும். கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பலும் கத்தரிப்பூ நிறமும் கலந்த மாதிரி தெரியும். இருட்டு அறையில் இந்தப் பேச்சே இல்லை. முற்றத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் பகல் 11 மணிக்கு இதுதான் முதல் பேச்சு.

சி5, பிராவியா 8 இரண்டும் டபிள்யூ-ஓஎல்இடி. போலரைசர் உண்டு, பகலிலும் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். எஸ்90 வரிசையில் இன்னொரு சிக்கல்: ஒரே மாடல் பெயரில் அளவையும் நாட்டையும் பொறுத்து இந்தப் பேனலும் வருகிறது, அந்தப் பேனலும் வருகிறது. பெட்டியில் எழுதியிருக்காது.

பிராவியா 8, பிராவியா 8 மார்க் 2 என்று இரண்டு உண்டு. முதலாவது 2024, டபிள்யூ பேனல். மார்க் 2 என்பது 2025, கியூடி பேனல், விலையும் வேறு. பில்லில் எது என்று பார்த்து வாங்குங்கள்.

#5 மன்னை மைனர்

குடமுருட்டி சார், பகல்ல யாரு சார் சினிமா பாக்குறா? நியூஸ் வாசிக்கிறவர் கோட்டு கறுப்பா தெரிஞ்சா என்ன, சாம்பலா தெரிஞ்சா என்ன?

#6 குடமுருட்டி

இந்த வீட்டில் டிவி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி பகல் என்று அவரே எழுதியிருக்கிறார். காசு கொடுப்பவர் பார்க்கும் நேரத்துக்குத்தான் டிவி.

#7 அரசலாற்றான்

காசு குடுக்கிறது அப்பாதான் சார் :)

முற்றத்துக்கு மேல கம்பி வலை மட்டும்தான். மழைக்கு மட்டும் ஷீட் இழுத்துப்போம். வெயில் நேரா டிவி மேல விழாது, ஆனா கூடமே பளீர்னு இருக்கும்.

#8 வெட்டாறு

நான் கேட்க வந்தது வேற. நாள் பூரா நியூஸ் சேனல் ஓடுற வீட்டுக்கு ஓஎல்இடி எதுக்குங்க? கீழ ஓடுற பட்டை, மூலையில லோகோ, பக்கத்துல கட்டம் கட்டி நாலு பேர் சண்டை. பர்ன்-இன் (அதோட நிழல் திரையிலயே தங்கிப்போறது) வராம எங்க போகும்? மினி எல்இடி (பின்னாடி குட்டிக் குட்டி விளக்கு வெச்ச எல்சிடி) 75 இன்ச் அதே காசுக்கு வரும். வெளிச்சமும் கூட, தொல்லையும் இல்லை. முற்றம் வேற இருக்கு. எனக்கு இது கேள்வியாவே தெரியலை.

#9 குடமுருட்டி

நியாயமான கேள்வி. பாதி ஒத்துக்கொள்கிறேன்.

பர்ன்-இன் என்பது படம் 'ஒட்டிக்கொள்வது' அல்ல. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், ஒளிர ஒளிரத் தேயும். திரை முழுக்கச் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. வயலில் ஒரே மூலையை மட்டும் வருஷம் முழுக்க உழுதால் அந்த மூலை மண் மட்டும் இளைக்கும் அல்லவா, அதுதான் லோகோ இருக்கும் மூலையில் நடப்பது. எந்தச் சேனல், எத்தனை மணி நேரம், எவ்வளவு வெளிச்சத்தில் என்ற மூன்றும் சேர்ந்துதான் கணக்கு. சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் பெரும்பாலும் வராது. ஒரே நியூஸ் சேனலை நாளுக்குப் பத்து மணி நேரம், விவிட் மோடில், முழு வெளிச்சத்தில் வைத்தால் சில வருஷத்தில் வரும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

எல்சிடி என்றால் அழியாதது என்றும் நினைக்க வேண்டாம். டிவிகளைச் சோதித்து எழுதும் ஆர்டிங்ஸ் தளம் 100 டிவிகளை வைத்து நீண்ட காலச் சோதனை நடத்தியது. அதில் ஓஎல்இடிகளில் பர்ன்-இன் வந்தது, விளிம்பு வெளிச்சம் வைத்த மெல்லிய எல்இடிகளும் பின்விளக்கு போயும் தாள் வளைந்தும் விழுந்தன.

மினி எல்இடியில் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. அவற்றில் பெரும்பாலானவை விஏ என்ற வகை எல்சிடி பேனல். நேராக உட்கார்ந்தால் பிரமாதம். பக்கவாட்டில் போனால் கறுப்பு வெளுக்கும், நிறம் மங்கும். நம் வீடுகளில் யார் நேராக உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள்? ஒருவர் ஊஞ்சலில், ஒருவர் தூணில் சாய்ந்து, பாட்டி தரையில் பாய் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ரேழி வாசலில் நின்றபடி.

#10 டிகிரி காபி

//ரேழி வாசலில் நின்றபடி// அது எங்க மாமனார். உட்காருங்க மாமான்னா "இல்லம்மா கிளம்பிட்டேன்"னு சொல்லிக்கிட்டே ரெண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்ப்பார்.

குடமுருட்டி சார் சொன்னதோட ஒண்ணு: பக்கப் பார்வையில கியூடி இன்னும் மேல். டபிள்யூ பேனல் ரொம்பப் பக்கவாட்டுல லேசா பச்சையோ இளஞ்சிவப்போ அடிக்கும், ஆனா மினி எல்இடி மாதிரி மோசமில்லை.

#11 கோடியக்கரை காத்து

வேதாரண்யத்திலேர்ந்து எழுதுறேன். வயரிங் கான்ட்ராக்ட் என் தொழில். டெல்டாவுல ஓஎல்இடி வாங்குறவங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது ஒண்ணுதான். ராத்திரி படுக்கும்போது டிவியை ரிமோட்ல அணைப்பீங்களா, சுவிட்ச் போர்டுல அணைப்பீங்களா?

நம்ம ஊர்ல நூத்துக்குத் தொண்ணூறு வீட்டுல சுவிட்ச் போர்டுலதான். "கரண்டு வீணாவுது", "இடி இடிக்குது", பழக்கம்.

ஓஎல்இடிக்கு அது ஆகாது. ரிமோட்ல அணைச்சதும் டிவி தூங்குறதில்லை. எல்ஜியில சேத்து நாலு மணி நேரம் ஓடியிருந்தா, ஸ்டாண்ட்பைல போனதும் புள்ளிகளை அளந்து தேஞ்ச இடத்தைச் சரிக்கட்டுற வேலை தானா ஓடும், சில நிமிஷம். சுமார் 2000 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெரிய சுத்து, ஒரு மணி நேரம். மத்த பிராண்டுக்கும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. சுவிட்ச் போர்டுல பட்டுனு அணைச்சா இது ஓடவே ஓடாது. வருஷக்கணக்குல இப்படிப் போச்சுன்னா நியூஸ் பட்டை திரையில தங்கும், அப்புறம் கம்பெனிக்காரனைத் திட்டிப் புண்ணியமில்லை.

அப்பாகிட்ட இதை மட்டும் நல்லா சொல்லிடுங்க. சுவிட்ச் மேல இன்சுலேஷன் டேப்பே ஒட்டுங்க. ஸ்டாண்ட்பைல ஆகுற கரண்டு அரை வாட் கணக்கு, ரெண்டு மாச பில்லுல தேடினாலும் கிடைக்காது.

#12 வெட்டாறு

அப்ப இடி மின்னலுக்கு? ஐப்பசி பொறந்தா தினம் இடி. சுவிட்ச் போர்டுல இல்லை, பிளக்கையே புடுங்குவோம் நாங்க.

#13 கோடியக்கரை காத்து

இடிக்குப் புடுங்கத்தான் வேணும், அதுல ரெண்டாவது பேச்சில்லை. இடி ஓய்ஞ்சதும் திரும்ப மாட்டிடுங்க. தினசரி பழக்கமா சுவிட்சைத் தட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

பிளக்கைப் புடுங்கிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. மொட்டை மாடி டிஷ்லேர்ந்து வர்ற வயரு, கேபிள்காரன் தெருக் கம்பத்துலேர்ந்து இழுத்த வயரு, லேன் வயரு, மூணும் பின்னாடி சொருகியே இருக்கும். மின்னல் அந்த வழியா வந்து செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ, போர்டுன்னு வரிசையா அடிச்சுட்டுப் போறதைப் பாத்திருக்கேன். இடிக்குப் பயந்தா எல்லாத்தையும் கழட்டு, இல்லைன்னா ஒண்ணையும் கழட்டாதே. பாதி கழட்டுறது மனசுக்குத்தான் ஆறுதல்.

ஸ்டெபிலைசர் பத்தி. இந்த டிவிங்க பின்னாடி 100-240 வோல்ட்னோ 110-240னோ போட்டிருக்கும். கம்மி வோல்டேஜுக்கு அஞ்ச வேண்டாம், உள்ள இருக்கிற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சமாளிக்கும். பம்பு செட்டு ஓடுற டிரான்ஸ்பார்மர்ல வீடு இருந்தாலும் சரி. பயம் வேற இடத்துல. காத்துல நியூட்ரல் கம்பி அறுந்துச்சுன்னா ஒரு பேஸ் வீட்டுக்குள்ள 230 வர்ற இடத்துல 400 வோல்ட் வரைக்கும் வரும். 2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப எங்க பக்கம் கம்பமே மிஞ்சலை. நாள்கணக்கா இருட்டுல கிடந்துட்டு லைன் குடுக்கும்போது எத்தனை வீட்டுல எது எது புகைஞ்சுதுன்னு என்னைக் கேளுங்க. அதனால ஹை வோல்டேஜ் வந்தா தானா துண்டிக்கிற கட்-ஆஃப் ஒண்ணு, சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு. சர்ஜ் புரொடெக்டருக்கு எர்த் சரியா இருக்கணும். பழைய ஓட்டு வீட்டுல எர்த் பின்ல வயரே இருக்காது, தொறந்து பாருங்க. ரெண்டு லட்ச ரூபாய் டிவிக்கு முன்னாடி எர்த் பைப்பை இறக்குங்க.

#14 மாயவரத்தான்

அண்ணே, இதைத் தனி இழையா போடுங்க. பல்லி பத்தியும் ரெண்டு வரி சேருங்க. எங்க வீட்டு டிவி செத்தது மின்னல்ல இல்லை, பல்லியால. பின்னாடி சூட்டுக்குப் போய்ப் படுத்து போர்டுல ஷார்ட்டாகி அதுவும் போச்சு, டிவியும் போச்சு.

#15 அரசலாற்றான்

கோடியக்கரை அண்ணே, எர்த் பாத்தேன். நீங்க சொன்னபடியேதான், பின் இருக்கு, வயர் இல்லை. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போய்க் கடையில பாக்கலாம்னு இருக்கேன். என்ன பாக்கணும்?

#16 குடமுருட்டி

கடையில் எல்லா டிவியும் டெமோ மோடில் ஓடும். கிளி, பூ, நியூயார்க் கட்டடம். அதில் எந்த டிவியும் அழகுதான். அதைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம்.

படத்தை 'சினிமா' அல்லது 'பிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அணைந்திருக்கும் திரையில் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கியூடி என்றால் பேனலே கத்தரிப்பூ நிறத்தில் வெளுக்கும், டபிள்யூ என்றால் கறுப்பாகவே இருக்கும். எஸ்90எஃப் உள்ளே எந்தப் பேனல் என்று இப்படியே தெரிந்துவிடும். சந்தேகம் என்றால் வெள்ளை எழுத்து ஓடும் இடத்தில் போன் கேமராவை ஒட்டி வைத்துப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். துணைப்புள்ளிகள் கோடு கோடாக வரிசையில் இருந்தால் டபிள்யூ, முக்கோணமாக அடுக்கியிருந்தால் கியூடி.

மிக முக்கியமானது: கேபிள் அல்லது டிஷ் பாக்ஸைப் போடச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள். எஸ்டி (எச்டி அல்லாத சாதாரண) சேனலில் இருப்பது 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் 3840க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இருபது புள்ளியை டிவி ஊகித்து நிரப்புகிறது. பணக்கார டிவியும் பஞ்சப் பாட்டு பாடுவது அங்கேதான். உங்கள் அப்பா பார்ப்பதும் அதைத்தான்.

77 இன்ச் ஆசை வந்தாலும் இதே காரணத்துக்காக வேண்டாம் என்பேன். 10 அடிக்கு 65 சற்றுச் சிறியது, கோணம் 27 டிகிரி சுற்றி வரும். சினிமாவுக்கு 30 டிகிரி வேண்டும் என்பார்கள், அதற்கு 77தான். ஆனால் எஸ்டி சேனலை 77இல் பார்த்தால் சீரியல் நாயகிக்கு முகமே இருக்காது.

#17 மன்னை மைனர்

கேபிளை மாத்தி எச்டி பேக் போடுங்கன்னு ஒருத்தரும் சொல்லலை பாருங்க. ரெண்டு லட்சத்துக்கு டிவி, மாசம் கொஞ்சம் கூடக் குடுத்து எச்டி சேனல் எடுக்க மனசு வராது!

எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் எடுப்பா காட்டுற பட வகை) பத்தியும் பேசிடுவோம், எல்லாரும் அதைவெச்சுத்தான் சாம்சங்கைத் தட்டுவாங்க. சாம்சங்ல டால்பி விஷன் இல்லை, எச்டிஆர்10 பிளஸ் மட்டும். எல்ஜி, சோனியில டால்பி விஷன் இருக்கு, எச்டிஆர்10 பிளஸ் இல்லை. பிரைம்ல எச்டிஆர்10 பிளஸ் ஏற்கனவே உண்டு, நெட்ஃபிளிக்ஸும் 2025ல கொண்டுவந்துடுச்சு. முன்ன மாதிரி பெரிய குறை இல்லை இப்ப.

#18 டிகிரி காபி

அது சரிதான் மைனர். ஆனா டால்பி விஷன்ல இருக்கிற படங்கள் இன்னும் எவ்வளவோ கூட. நான் வாங்கினா டால்பி விஷன் இல்லாத டிவி வாங்க மாட்டேன்.

யாரும் சவுண்டைத் தொடலை. சோனியில திரையையே அதிர வெச்சு ஒலி வர வைக்கிறாங்க, பின்னாடி மோட்டார் மாதிரி ஒட்டியிருக்கும். பேசுறவர் வாயிலேர்ந்தே குரல் வர்ற மாதிரி இருக்கும். நியூஸுக்கும் சீரியலுக்கும் இது பெரிய விஷயம், வயசானவங்களுக்கு வசனம் தெளிவா கேக்கும். எல்ஜியும் சாம்சங்கும் டிவியோட சொந்த ஸ்பீக்கர்ல இந்த அளவுக்கு இல்லை. ஆனா மார்கழி கச்சேரி, தை மாசம் திருவையாறு ஆராதனை எல்லாம் டிவி ஸ்பீக்கர்ல கேட்டா மூணுமே ஒண்ணுதான். நாதஸ்வரம் தகரமாயிடும், தவில் காணாமப் போயிடும். சவுண்ட்பாருக்கு இருபதாயிரமாவது ஒதுக்குங்க.

#19 அரசலாற்றான்

போய்ட்டு வந்தாச்சு. தம்பியும் அப்பாவும் கூட வந்தாங்க.

டார்ச் அடிச்சுப் பாத்தேன். கடைப்பையன் "சார் என்ன சார் தேடுறீங்க"ன்னு பதறிட்டான். அவங்க வெச்சிருந்த எஸ்90எஃப் 65ல கத்தரிப்பூ கலர் தெரிஞ்சுது, ஆக கியூடி. எல்ஜி, சோனி ரெண்டும் கறுப்பு. கடையே டியூப்லைட் மயம், அங்கயே அந்த வித்தியாசம் தெரியுதுன்னா எங்க முற்றத்துல கேக்க வேண்டாம். ஆனா மைனர் சொன்ன கலர் இருக்கே... ஒரு பட்டுப்புடவை காட்சி ஓடுச்சு, சாம்சங்ல அந்த அரக்கு அப்படியே புடவைக்கடையில பாக்குற மாதிரி. மத்த ரெண்டும் ஒரு படி கீழதான்.

சி5 நல்ல வெளிச்சம், சோனியைவிட தெரிஞ்சே கூட. மெனு சட்டுனு ஓடுது. தம்பிக்கு அதுதான் வேணும்.

அடுத்து டிஷ் பாக்ஸ் போடச் சொன்னோம். அரை மணி நேரம் தேடிக் கொண்டுவந்தாங்க. எஸ்டி நியூஸ் சேனல். எல்ஜியிலயும் சாம்சங்கிலயும் எழுத்து ஓரமெல்லாம் பிசுறு, முகம் மெழுகு மாதிரி. சோனியில அதே சேனல் பாக்குற மாதிரி இருந்துச்சு. அதிசயம் ஒண்ணும் இல்லை, பிசுறு கம்மி. அப்பா அதுவரைக்கும் நாற்காலியில உக்காந்து செல்போன் பாத்துக்கிட்டிருந்தவர் எந்திரிச்சு வந்து "இதுல அவன் மூஞ்சி தெளிவா இருக்கு"ன்னாரு.

#20 மாயவரத்தான்

பேசி முடிஞ்சுது. அப்பா ஓட்டுப் போட்டுட்டாரு.

#21 மன்னை மைனர்

பிராவியா 8 2024 மாடல், வெளிச்சம் கம்மி, போர்ட் ரெண்டு. அதுக்கு சி5-ஐ விடக் கூடக் காசு. எஸ்டி சேனல் ஒண்ணுக்காகவா? தம்பியை நினைச்சா பாவமா இருக்கு.

#22 குடமுருட்டி

மைனர், தம்பிக்கு ஒரு பிஎஸ்5. அது கொடுப்பதே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்) வரைதான், பிராவியா 8 அதை வாங்கிக்கொள்ளும். சி5-இல் 144 இருப்பது கம்ப்யூட்டர் கேமுக்கு. ஒரு போர்ட்டில் பிஎஸ்5, இ-ஆர்க்கில் சவுண்ட்பார், மீதி இரண்டு சாதாரணப் போர்ட்டில் கேபிள் பாக்ஸ். இந்த வீட்டுக்கு இடம் போதும். இரண்டு கேம் பெட்டி இருந்தால் நானே சி5 என்றுதான் சொல்லியிருப்பேன்.

வெளிச்சம் கம்மி என்பது உண்மை. திரையில் சின்னக் கட்டம் மட்டும் ஒளிரும்போது சி5 ஆயிரம் நிட்டை (வெளிச்சத்தின் அளவு) தாண்டும், பிராவியா 8 அதற்குக் கீழே. ஆனால் திரை முழுக்க வெள்ளையாக வரும்போது இந்த விலையில் எல்லா ஓஎல்இடியும் தானே வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளும், சில நூறு நிட்தான். பகல் கிரிக்கெட்டில் மைதானம் முழுத் திரையில் வரும்போது அதுதான் கணக்கு. அதற்கு மருந்து டிவி அல்ல, முற்றத்தின் அந்தப் பக்கம் ஒரு மூங்கில் தட்டி.

#23 வெட்டாறு

நான் சொன்ன மினி எல்இடியை எல்லாரும் மறந்துட்டீங்க. பரவாயில்லை. விலையில ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 22லேர்ந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆயிடுச்சு. ரெண்டு லட்சத்துக்கு வித்த டிவி அந்தக் கணக்குல 15,600 ரூபாய் சுமார் இறங்கணும். கடையில "தீபாவளி ஆஃபர், பதினஞ்சாயிரம் தள்ளுபடி"ன்னு அந்த வரியையே தள்ளுபடியா காட்டுவாங்க. ஆகஸ்ட் விலையை வெச்சு ஒப்பிடுங்க, எம்ஆர்பியை வெச்சு இல்லை.

#24 அரசலாற்றான்

வெட்டாறு சார், சரியா புடிச்சீங்க. அப்படியேதான் சொன்னாங்க! பழைய விலையை போன்ல காட்டினதும் மேனேஜர் வந்து இன்னும் கொஞ்சம் இறக்கினாரு.

#25 டிகிரி காபி

சர்வீஸ் பத்தி ஒரு வார்த்தை. எங்க பழைய டிவியில நடுவுல ஒரு கோடு விழுந்துச்சு. கம்பெனி பேர் வேண்டாம். டெக்னீஷியன் திருச்சியிலேர்ந்து வரணும்னாங்க, வந்தவர் போட்டோ எடுத்துட்டுப் போனார், பேனல் வர ஒரு மாசத்துக்கு மேல. அந்த ஒரு மாசமும் மாமனார் ரேழியில நின்னு எதைப் பார்ப்பார் சொல்லுங்க. உங்க பின்கோடுக்கு யார் வருவாங்க, பேனலுக்கு எத்தனை வருஷம், பர்ன்-இன் அதுல சேர்த்தியா இல்லையான்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. வாய்ல சொன்னதெல்லாம் கடை வாசலோட போயிடும்.

#26 கோடியக்கரை காத்து

கொண்டு வர்றது பத்தியும் கேட்டுக்குங்க. பெட்டியைப் படுக்கப் போட்டு எடுத்துட்டு வரக் கூடாது, நிமிர்த்தித்தான். டாடா ஏஸ்ல நிக்க வெச்சு ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சுக்கிட்டு வரணும். திரை சில மில்லிமீட்டர் கனம்தான், மேடு பள்ளத்துல நடுவுல அழுந்துச்சுன்னா அவ்வளவுதான். கடை டெலிவரின்னா பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்க.

சுவர்ல மாட்டப் போறீங்களா? தாத்தா காலத்து வீடுன்னா சுண்ணாம்புக் காரை, சின்ன செங்கல். ட்ரில் போட்டா பொடிப்பொடியா கொட்டும், பிளக் நிக்காது. ஸ்டாண்டுல வைங்க, இல்லைன்னா மரச்சட்டம் அடிச்சு அதுல மாட்டுங்க.

#27 அரசலாற்றான்

பிராவியா 8 சொல்லியாச்சு. சவுண்ட்பார் பொங்கலுக்கு. அண்ணே, தேக்குல ஒரு பெஞ்சு கிடக்கு, அதுமேல ஸ்டாண்டோட வெக்கிறோம். பழைய 43 இன்ச்சை சமையல்கட்டுப் பக்கம் மாத்தி கேபிள்லேர்ந்து ஒரு இணைப்பு. அம்மா சீரியல் அங்க ஓடும்போது அப்பா நியூஸ் இங்க ஓடினாலும், ஓஎல்இடிக்கு பாதி வேலை குறையும்னு கணக்கு. பேனல் வாரண்டி விவரம் பில்லுலயே எழுதச் சொல்லி வாங்கிட்டேன்.

போட்டதும் என்ன செட்டிங் மாத்தணும்?

#28 குடமுருட்டி

விவிட் வேண்டாம். பகலுக்கு ஸ்டாண்டர்ட், இரவுக்கு சினிமா. சினிமா மோடில் "படம் மஞ்சளாக இருக்கிறது" என்று அப்பா சொல்வார். டியூப்லைட் வெள்ளைக்குப் பழகிய கண் அது. படம் எடுத்தவர்கள் வைத்த வெள்ளை 6500 கெல்வின், அதுதான் சரி. ஆனால் வற்புறுத்த வேண்டாம், பகல் மோடு அவருடையதாக இருக்கட்டும். பிக்சல் ஷிஃப்ட் (படத்தை அவ்வப்போது லேசாக நகர்த்தும் வசதி) ஆனில் இருக்கட்டும்.

மெனுவில் பேனல் ரெஃப்ரெஷ் என்று ஒன்று இருக்கும். "சுத்தம் பண்ணுகிறேன்" என்று மாதாமாதம் ஓட்டாதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்று சோனியே சொல்கிறது, அறை வெப்பம் 10லிருந்து 40 டிகிரிக்குள் இருக்கவும் வேண்டும். அக்னி நட்சத்திர மதியத்தில் ஓட்டு வீட்டுக் கூடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். தானாக ஓடுவது போதும்.

கேமுக்கு: பிஎஸ்5-ஐ 4ஆம் எச்டிஎம்ஐயில் போடச் சொல்லுங்கள். 3 இ-ஆர்க், அதைச் சவுண்ட்பாருக்கு விட்டு வையுங்கள். அந்தப் போர்ட்டின் சிக்னல் வடிவத்தை மெனுவில் மாற்றினால்தான் 120 ஹெர்ட்ஸ் வரும்.

#29 மன்னை மைனர்

வாழ்த்துகள் ப்ரோ. தம்பியை ஒரு நாள் மன்னார்குடிக்கு அனுப்புங்க, கியூடியில கேம் ஆடிட்டுப் போகட்டும்.

#30 கோடியக்கரை காத்து

எர்த் போட்டாச்சா தம்பி?

#31 அரசலாற்றான்

போட்டாச்சு அண்ணே. கட்-ஆஃப் நாளைக்கு மாட்டுறாங்க, டிவி அதுக்கு மறுநாள்தான் வருது. சுவிட்ச் மேல டேப்பும் ஒட்டியாச்சு.